‘செம்ம மச்சி’ போதாது: வீட்டில் பதிவு செய்த மெட்டல் கிட்டாருக்குக் கருத்து கேட்பதும் சொல்வதும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மெட்டல் வாசிக்கிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். ஒருவர் பாலக்கோட்டில், ஒருவர் ஊத்தங்கரையில், இன்னொருவர் ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருகிறவர். சிதறிக் கிடக்கிறோம், அவ்வளவுதான். பெங்களூர் பக்கத்தில் இருப்பதால் கேட்பதற்குப் பஞ்சமில்லை. 2007-ல் ஐயன் மெய்டனும் 2011-ல் மெட்டாலிகாவும் அங்கே அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது ஓசூர் பஸ் ஏறிப் போனவர்கள் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்வார்கள். வாசிப்பதுதான் தனியாக. பாடகர் கிடைப்பதில்லை. டிரம்ஸ் வைத்திருக்கிறவர் கிடைத்தாலும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரை வாசிக்க விடுவதில்லை. அதனால் பாட்டு வரி இல்லாமல், டிரம்ஸை லேப்டாப்பில் புரோகிராம் செய்து, கிட்டாரையே குரலாக வைத்து இன்ஸ்ட்ருமென்டல் டிராக் போடுகிறோம்.

போட்டு அனுப்பினால் என்ன பதில் வருகிறது? ‘செம்ம மச்சி’, மூன்று தீப்பிழம்பு. இல்லையென்றால் ‘மிக்ஸ் சரியில்ல ப்ரோ’. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நாளைக்கு எந்த நாபைத் திருகுவது, எந்த இடத்தைத் திரும்ப வாசிப்பது என்று ஒன்றும் முடிவு செய்ய முடியாது. உருப்படியான கருத்தில் மூன்று விஷயம் இருக்கும்: எந்த நொடி, அங்கே என்ன கேட்டது, அடுத்து எதைச் செய்து பார்க்கலாம். மூன்றாவது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முதல் இரண்டும் இல்லாவிட்டால் அது வாழ்த்து அல்லது வசவு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பதிவில் ‘மிக்ஸ் சரியில்லை’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் கை சரியில்லை என்பதுதான். ஈக்யூவை (அடி, நடு, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது) தொடுவதற்கு முன் டியூனிங், டியூனிங்குக்கு அப்புறம் டைமிங், டைமிங்குக்கு அப்புறம் டோன், கடைசியில்தான் மிக்ஸ். கருத்து கேட்கும்போதும் சரி, சொல்லும்போதும் சரி, இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பாதி சண்டை குறையும்.

அனுப்புவதற்கு முன்

டியூனர் சொல்லக்கூடியதை மனிதரிடம் கேட்காதீர்கள். உங்கள் டிராக்கைக் கவனமாகக் கேட்க ஒருவர் அரைமணி நேரம் ஒதுக்குகிறார், அதில் ‘ரெண்டாவது கம்பி இறங்கியிருக்கு’ என்று எழுத வைப்பது வீண்.

டியூனிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மெட்டலில் இது சாதாரண கிட்டாரைவிடத் தொல்லை பிடித்தது. சாதாரண டியூனிங்கில் தடித்த ஈ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். டிராப் டி வைத்தால், அதாவது அந்தக் கம்பியை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் 73, ஏழு கம்பி கிட்டாரின் பி கம்பி 62 பக்கம். கடையில் கிட்டாரோடு வந்த 9-42 கம்பி செட்டை (இந்த எண்கள் மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மாற்றாமலே இன்னும் கீழே டிராப் சி-க்கு இறக்கினால் கம்பி தொளதொளத்துப் போகும், அதை ஓங்கி அடித்தால் அடித்த கணத்தில் சுருதி மேலே ஏறி அப்புறம் மெல்ல இறங்கும். டியூனரில் மெதுவாகத் தட்டிப் பார்க்கும்போது சரியாகக் காட்டும், ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன வாசிப்பு) வாசிக்கும்போது எல்லாம் சுருதி ஏறிக் கேட்கும். ஆகவே 10-52 மாதிரி கொஞ்சம் தடித்த செட் போடுங்கள், எந்த அழுத்தத்தில் வாசிக்கப் போகிறீர்களோ அதே அழுத்தத்தில் அடித்து டியூன் செய்யுங்கள், ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் பாருங்கள். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கும் அழுத்தி வாசித்த ஸ்வரமும் ஒன்றாகக் காட்டுகிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிட்டால் பாலத்தில் (பிரிட்ஜில்) கம்பி உட்காரும் சேடிலைத் திருக வேண்டுமா என்று தெரிந்துவிடும்.

அடுத்து இரைச்சல். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த ‘ம்ம்ம்’ கெயின் (சிக்னலைப் பெருக்குகிற அளவு) ஏற்ற ஏற்ற மேலே வரும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். சத்தம் குறைந்தால் கோளாறு சார்ஜரிலோ எர்த்திலோ இருக்கிறது, கிட்டாரில் இல்லை. ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி பல்ப் இரண்டையும் அணைத்துப் பாருங்கள். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்தாலே குறைகிற இரைச்சலும் உண்டு. நாய்ஸ் கேட்டை (சத்தம் குறையும்போது ஒலியை அடைத்துவிடுகிற கருவி) இறுக்கி இரைச்சலை மறைக்கலாம்தான், ஆனால் அது நீட்டி நிற்க வேண்டிய ஸ்வரத்தின் வாலையும் சேர்த்து வெட்டும்.

கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கிற இன்டர்ஃபேஸில் உச்ச அளவு −12 முதல் −6 டெசிபல் வரை நின்றால் போதும். சிவப்பு விளக்கு எரிந்தால் ‘மெட்டல்தானே, டிஸ்டார்ஷன்தானே’ என்று விடாதீர்கள், அந்த உடைசலும் ஆம்ப் சிம் (லேப்டாப்பில் ஆம்ப் போல ஒலிக்கிற மென்பொருள்) தருகிற உடைசலும் வேறு.

அப்புறம் டபுள் டிராக். ரிதம் கிட்டாரை இடதுக்கு ஒரு தடவை, வலதுக்கு ஒரு தடவை, தனித்தனியாக வாசிக்க வேண்டும். ஒரே டேக்கை காப்பி செய்து இரண்டு பக்கமும் வைத்தால் அது நடுவிலேயே கேட்கும், சத்தம் மட்டும்தான் கூடும். ஒன்றைச் சில மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் ஹெட்போனில் அகலமாகத் தெரியும். ஆனால் ஒரே ஸ்பீக்கர் உள்ள போனில் இரண்டும் சேரும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, போர்வெல் பைப்புக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் போனில்தான் கேட்கப் போகிறார்கள். அதனால் மிக்ஸை ஒரு தடவை மோனோவில் (இடது, வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து) கேளுங்கள், ஒரு தடவை போன் ஸ்பீக்கரில். போனில் பேஸ் கிட்டார் மொத்தமாகக் காணாமல் போனால் பயப்பட வேண்டாம், சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. பேஸுக்குக் கொஞ்சம் டிஸ்டார்ஷன் கொடுத்தால் நடு ஒலிகள் வழியாக அங்கேயும் தலைகாட்டும்.

எதை அனுப்புவது, என்ன கேட்பது

320 எம்பி3 அல்லது வேவ் கோப்பு. வாட்ஸ்அப்பில் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அப்படியே போய்ச்சேரும். வீடியோவாக மாற்றி அனுப்பினால் நசுங்கிப்போன சிம்பல் சத்தத்துக்குத்தான் கருத்து வரும். கோப்பின் பெயரில் பதிப்பு எண் இருக்கட்டும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் இதுதான்’ என்று போனால் யார் எதைக் கேட்டார்கள் என்றே தெரியாது.

கேள்வி ‘எப்படி இருக்கு?’ என்று இருக்கக் கூடாது. அதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு, ‘சூப்பர்’. இந்த மாதிரிக் கேளுங்கள்:

‘அண்ணா, 2 நிமிஷம் 10 செகண்ட் டிராக். டிராப் சி, 140 பிபிஎம். டிரம்ஸ் புரோகிராம் பண்ணது, இன்னும் மாத்தலாம். மாஸ்டரிங் பண்ணல. 0:38-லேர்ந்து 1:05 வரைக்கும் ரிதம் கிளிக்கோட சரியா உக்காருதா, 1:20-ல வர்ற லீட் மெலடி ஞாபகத்துல நிக்குதா, இது ரெண்டு மட்டும் சொல்லுங்க. டோனை இப்போதைக்கு விட்டுடுங்க.’

(பிபிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகம், கிளிக் என்பது ஹெட்போனில் ஓடுகிற தாள ஒலி, மாஸ்டரிங் என்பது மிக்ஸுக்கு அப்புறம் செய்கிற கடைசி மெருகு.) இதில் எதைச் சொல்ல வேண்டாம் என்பதும் இருக்கிறது, கவனியுங்கள். இன்னும் முடிவாகாத விஷயத்தைப் பற்றி அவர் பத்து வரி எழுதி, அதை நீங்கள் ‘அது தெரியும்ணா, மாத்தத்தான் போறேன்’ என்று தள்ளினால் அடுத்த தடவை அவர் பதிலே போட மாட்டார்.

யாரிடம் கேட்பது

மெட்டல் வாசிக்கிறவர்களிடம் மட்டும் கேட்பது எனக்கு ஒப்பாது. அவர்களுக்கு டோன் காது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பத்தில் ஒன்பது பேர் உங்கள் டிராக்கைக் கேட்டுவிட்டுத் தங்களுக்குப் பிடித்த பேண்டின் டோனை உங்களுக்குப் பரிந்துரைப்பார்கள், பிக்கப்பை மாற்றச் சொல்வார்கள். நம் மாவட்டங்களில் வேறு நல்ல காதுகள் இருக்கின்றன, அவர்களிடம் அவரவருக்குத் தெரிந்ததைக் கேட்டால் போதும்.

திருவிழாவுக்கு மைக்செட் போடுகிற அண்ணனுக்கு மெட்டல் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம், ஆனால் ‘அடி அதிகமா இருக்குது, நடுவுல ஒண்ணுமே இல்ல’ என்று ஒரே வரியில் உங்கள் ஈக்யூவைச் சொல்லிவிடுவார். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை கிட்டாரோ கீபோர்டோ வாசிக்கிறவருக்கு டியூனிங் காது அபாரமாக இருக்கும், லீட் எந்த இடத்தில் கார்டோடு முட்டுகிறது என்று சட்டென்று பிடிப்பார். காவேரிப்பட்டணம் மயானக்கொள்ளையில் பம்பை அடிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறீர்களா? அந்த வேகத்தில் பழகிய ஒருவரிடம் உங்கள் டபுள் பேஸ் (இரண்டு காலாலும் கிக் டிரம் அடிப்பது) புரோகிராமிங்கைப் போட்டுக் காட்டுங்கள், வேகத்தைப் பற்றிப் பேசவே மாட்டார், ‘எல்லா அடியும் ஒரே கனமா விழுதே, கை மாறவே இல்லையே’ என்பார். மிடியில் (புரோகிராம் செய்த டிரம்ஸில்) எல்லா அடிக்கும் வெலாசிட்டி, அதாவது அடியின் கனம், உச்சமான 127 என்று வைத்திருப்பீர்கள், அதுதான் அவர் காதுக்கு உறுத்தியிருக்கும்.

வீட்டில் இருக்கிறவர்களிடமும் கேட்கலாம். அம்மாவிடம் ‘மிக்ஸ் எப்படிம்மா’ என்றால் ‘சாப்டியா’ என்பார். ‘எந்த இடத்துல போதும்னு தோணுச்சு?’ என்று கேளுங்கள், தங்கையிடம் ‘எந்த இடத்துல போனை எடுத்துப் பார்த்த?’ என்று கேளுங்கள். வரியில்லாத இசைக்கு இது பெரிய கேள்வி. பாடகர் இருந்தால் ரிஃப் எட்டுத் தடவை சுற்றினாலும் வரி ஆளை இழுத்துப் போகும். இன்ஸ்ட்ருமென்டலில் நான்காவது சுற்றிலேயே ஏதாவது மாறியாக வேண்டும், ஒரு டிரம் ஃபில்லோ, ஹார்மனியோ, இரண்டு மாத்திரை மௌனமோ. கவனம் சிதறிய இடத்தை மெட்டல் கேட்காதவர்தான் மிகச் சரியாகக் காட்டுவார்.

நீங்கள் கருத்து சொல்கிறவராக இருந்தால்: கேட்பது

முதல் தடவை கையில் ஒன்றும் இல்லாமல் முழுக்கக் கேளுங்கள், நடுவில் நிறுத்தாமல். முதல் தடவை கேட்கும்போது என்ன உணர்ந்தீர்கள் என்பது ஒரு தடவைதான் கிடைக்கும், அப்புறம் திரும்ப வராது. இரண்டாவது தடவை நொடிகளைக் குறித்துக்கொண்டே. மூன்றாவது போனில்.

சத்த அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரிய ஆல்பம் ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் பெரும்பாலும் பேசுகிறோம், ஆனால் அந்த ஆல்பம் மாஸ்டரிங் முடிந்து சத்தமாக வந்திருக்கும், நண்பனின் டிராக் மெதுவாக இருக்கும். சத்தமானதே காதுக்கு நல்லதாகத் தெரியும். ஒப்பிடும் பாட்டை ரீப்பர் என்ற பதிவு மென்பொருளிலோ வேறு எதிலோ போட்டு, இரண்டும் ஒரே அளவில் கேட்கும்வரை அதை இறக்குங்கள், அப்புறம் பேசுங்கள். ஸ்பாட்டிஃபை மாதிரித் தளங்களும் சாதாரணமாக −14 லஃப்ஸ் (சராசரி சத்தத்தை அளக்கிற அலகு) அளவுக்குப் பாட்டுகளைச் சமப்படுத்தித்தான் ஒலிக்க விடுகின்றன, ஆகவே ‘இன்னும் சத்தமா வை’ என்பது பெரும்பாலும் வீண் யோசனை. ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மெதுவாகக் கேட்கிறவர்களுக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு அடி ஒலியும் உச்ச ஒலியும் கூடுதலாகக் குறைந்து கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைந்து காட்டிவிட்டார்கள். மிக மெதுவாகக் கேட்டுவிட்டு ‘பேஸ் பத்தலை’ என்று எழுதாதீர்கள், பகலில் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இப்போது முக்கியமான இடம். கேட்பது ஒன்றாக இருக்கும், காரணம் வேறொன்றாக இருக்கும். வீட்டுப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ரிஃப் சேறாகக் கேட்கிறதா? பாட்டு முழுக்கச் சேறா, வேகமான இடங்களில் மட்டும் சேறா என்று பாருங்கள். முழுக்க என்றால் ஈக்யூ விவகாரம், 150 முதல் 300 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு ரிதம் கிட்டாரும் பேஸும் ஒன்றாகக் குவிந்திருக்கும். ரிதம் கிட்டாரில் 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு ஹை-பாஸ் (கீழ் ஒலிகளை வெட்டும் ஃபில்டர்) போட்டு அதற்குக் கீழே பேஸுக்கும் கிக்குக்கும் விட்டுவிடச் சொல்லுங்கள். வேகமான இடத்தில் மட்டும் என்றால் கெயின் அதிகம், அல்லது உள்ளங்கை பாலத்தை விட்டு நகர்ந்துவிட்டது, அல்லது இடது டேக்கும் வலது டேக்கும் ஒன்றாக விழவில்லை. இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்டால் சுத்தமாக இருந்து, சேர்த்துக் கேட்டால் மட்டும் சேறாக இருந்தால் கடைசிக் காரணம்தான், எந்த ஈக்யூவும் அதைச் சரிசெய்யாது, திரும்ப வாசிக்க வேண்டும். கெயினைப் பொறுத்தவரை, தனியாக வாசிக்கும்போது பிடித்த அளவிலிருந்து கணிசமாக இறக்கச் சொல்லலாம், இரண்டு டேக் சேரும்போது கனம் தானாக வந்துவிடும். டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை ஆம்ப் சிம்முக்கு முன்னால் போட்டு, டிரைவைச் சுத்தமாக இறக்கி லெவலை ஏற்றினால் பாம் மியூட் (பாலத்தருகே உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிப்பது) இறுகும், ஏனென்றால் அது அடி ஒலியைக் குறைத்து நடு ஒலியை ஆம்ப்புக்குள் தள்ளுகிறது.

மெலிந்து கேட்கிறதா? மிட் நாபைச் சுழியத்துக்கு இறக்கியிருப்பார்கள். தனியாக அறையில் வாசிக்கும்போது அந்த டோன் பிரமாதமாகத்தான் இருக்கும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்தவுடன் கிட்டார் காணாமல் போய்விடும். இல்லையென்றால் பேஸ் கிட்டாரே இல்லை, அல்லது இருந்தும் கேட்கவில்லை. பேஸைப் புதைப்பது பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது, மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தில் பேஸ் எங்கே என்று இன்றுவரை ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மெட்டல் கிட்டாரின் கனம் என்று நாம் நினைப்பதில் பாதி பேஸ் கொடுக்கிறது, ஆகவே ‘கிட்டார் கனமில்லை’ என்று எழுதுவதற்கு முன் பேஸைத் தேடுங்கள்.

லீட் அமுங்கிப் போகிறதா? சத்தத்தை ஏற்றச் சொல்வது முதலில் தோன்றும். அதைவிட, அந்த இடத்தில் ரிதம் கிட்டாரின் நடு ஒலியைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள், அல்லது ரிதம் வாசிப்பையே எளிமையாக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் உயிரில்லையா? லீடில் நீட்டி நிற்கிற ஸ்வரங்களைக் கேளுங்கள். வேகமான ஓட்டமெல்லாம் துல்லியமாக இருக்கும், ஓட்டம் போய் நிற்கிற ஸ்வரத்தில் வைப்ரேட்டோ பதறும், அல்லது இருக்கவே இருக்காது. பெண்ட் (கம்பியை வளைத்து சுருதியை ஏற்றுவது) முழுச் சுரத்துக்கு ஏறாமல் கால்வாசி குறைவில் நிற்கும். அதை நொடியோடு சொல்லுங்கள், ‘1:32-ல் பெண்ட் கொஞ்சம் குறையுது, மேலே ஏத்தி நிறுத்திட்டு அப்புறம் ஆட்டிப் பாரு’ என்று. புதிதாக வாசிக்கிறவர்களுக்கு இதைவிட உபயோகமான ஒரு வரி கிடையாது என்பது என் எண்ணம். வேகத்தைப் பாராட்ட ஆயிரம் பேர் வருவார்கள்.

எழுதுவது

நம் தகடூர் (இன்றைய தர்மபுரி) அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை தெரியும்தானே. உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி நெய் பூசி மினுமினுவென்று மாளிகையில் இருக்கின்றன, அதியமானுடையதோ குத்திக் குத்தி முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போல இகழ்ந்து, இகழ்வது போலப் புகழ்ந்து. தூதுக்கு அது சரி, டிராக்குக்குச் சரிப்படாது. ‘ரொம்ப நீட்டா இருக்கு ப்ரோ, கேம் மியூசிக் மாதிரி’ என்று எழுதினால் அது பாராட்டா குத்தலா என்று அவர் ராத்திரி முழுக்க யோசிப்பார். நேராகச் சொல்லுங்கள், மரியாதையாகச் சொல்லுங்கள்.

ஒரு மாதிரி பதில் தருகிறேன், மேலே கேட்ட கேள்விக்கு:

‘தம்பி, ரெண்டு தடவை ஹெட்போன்லயும் ஒரு தடவை போன்லயும் கேட்டேன். 0:38 ரிஃப் நல்லா பிடிச்சிருக்க, மூணாவது சுத்துல ஒரு அடி விட்டுட்டு வர்றது எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதை மாத்தாத. 0:51-லேர்ந்து வலது பக்க கிட்டார் கிளிக்குக்கு முன்னாடி ஓடுது, இடது சரியா இருக்கு. வலதை மட்டும் அந்த நாலு பார் திரும்ப எடுத்துப் பாரு, எடிட் பண்ணாத, வாசி. 1:20 மெலடி ஞாபகத்துல நிக்குது, ஆனா ரெண்டாவது தடவை வரும்போது அதே மாதிரி வருது, கடைசி ரெண்டு நோட்டை மட்டும் மாத்தி மேல கொண்டு போனா எப்படி இருக்கும்னு பாரு, இது என் டேஸ்ட், பிடிக்கலன்னா விட்டுடு. டோன் பத்தி நீ கேக்கல, அதனால சொல்லல.’

இதில் குறை எது, சொல்பவரின் ரசனை எது என்று பிரித்துக் காட்டியிருப்பதைப் பாருங்கள். டைமிங் விலகினால் அது குறை. மெலடியின் முடிவு ரசனை. நல்லதையும் நொடியோடு சொல்லியிருக்கிறது, அதுவும் முக்கியம், ஏனென்றால் எது நன்றாக இருக்கிறது என்று தெரியாவிட்டால் அடுத்த பதிப்பில் அதையே அவர் அழித்துவிடுவார். ஒரு பதிலில் மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம், பதினைந்து குறை கண்டுபிடித்திருந்தாலும் பெரிய மூன்றைச் சொல்லுங்கள், மிச்சம் அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

‘இதை வாங்கு’ என்று ஆரம்பிக்காதீர்கள். புதுப் பிக்கப், புது இன்டர்ஃபேஸ், பணம் கட்டிய பிளகின் என்று அடுக்குவது சுலபம், முதல் சம்பளத்தில் கிட்டார் வாங்கிய பையனுக்கு அது கருத்தே இல்லை. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற ஆம்ப் சிம் இலவசம், ரீப்பரை 60 நாள் காசில்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம், ஸ்பீக்கர் கேபினெட்டின் ஒலியைத் தருகிற ஐஆர் கோப்புகள் இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன. அதற்காக ‘வீட்டுல பண்ணதுக்கு பரவாயில்ல’ என்றும் எழுதாதீர்கள், தயவுசெய்து. டெல்லிப் பக்கம் கேசவ் தர் தன் அறையில் தனியாகப் பதிவு செய்யத் தொடங்கியதுதான் பிறகு ஸ்கைஹார்பர் என்ற மெட்டல் பேண்ட் ஆகி 2012-ல் ஆல்பமாக வந்தது. வீடு என்பதற்காகக் காதைத் தாழ்த்த வேண்டியதில்லை.

வாங்கிக்கொள்கிறவராக இருந்தால்

விளக்கம் சொல்லாதீர்கள். ‘அன்னைக்கு கரண்ட் போயிடுச்சு’, ‘அது வேணும்னேதான் அப்படி வச்சேன்’ என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம், கேட்பவருக்கு டிராக்கோடு உங்கள் விளக்கம் ஒட்டி வராது. ‘நன்றிண்ணா, கேட்டுப் பாக்கறேன்’ போதும். புரியாத இடத்தில் மட்டும் திருப்பிக் கேளுங்கள்: ‘0:51-ல் ஓடுதுன்னா முதல் அடியிலேர்ந்தா, இல்ல பாதியிலயா?’

வந்த கருத்துகளை ஒரு பக்கத்தில் நொடி வாரியாக எழுதி வையுங்கள். ஒரே இடத்தை இரண்டு மூன்று பேர் தொட்டால் அங்கே ஏதோ இருக்கிறது. மருந்து ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள்: ஒருவர் ‘கெயின் குறை’ என்பார், ஒருவர் ‘பேஸை ஏத்து’ என்பார், மைக்செட் அண்ணன் ‘அந்த இடமே வேண்டாம்’ என்பார். மருந்தை நம்பாவிட்டாலும் வலிக்கிற இடத்தை நம்புங்கள், காரணத்தை நீங்கள் தேடிக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் சொன்னது உங்களுக்கும் உள்ளுக்குள் ஏற்கெனவே உறுத்தியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி ‘வோக்கல்ஸ் போட்டா நல்லாருக்கும்’ என்று ஒருவர் கட்டாயம் சொல்வார், அவருக்கும் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

மோசமாகப் பேசுகிறவர்களும் வருவார்கள். ‘இது மெட்டலே இல்ல’ என்பதில் எந்த நொடி என்பதும் இல்லை, என்ன கேட்டது என்பதும் இல்லை, எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. பதில் போட வேண்டாம். ஆனால் கடுமையான வார்த்தைக்குள் நொடி இருந்தால், ‘1:05-லேர்ந்து கேக்க முடியல, என்னடா அது’ என்று இருந்தால், வார்த்தையை விட்டுவிட்டு 1:05-ஐப் போய்க் கேளுங்கள்.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள். கெயினையும் ஈக்யூவையும் டிரம் சாம்பிளையும் ஒரே ராத்திரியில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. மாற்றிய உடனே முடிவு செய்யாமல் காலையில் கேளுங்கள், இரண்டு மணி நேரம் டிஸ்டார்ஷன் கேட்ட காது உச்ச ஒலியைச் சரியாக எடை போடாது. இதற்கெல்லாம் கிட்டாரின் சுத்தமான டிஐ டிராக் (ஆம்ப் சிம் சேராத நேரடிப் பதிவு) கையில் இருக்க வேண்டும். ஆம்ப் சிம் சத்தத்தோடு மட்டும் பதிவு செய்து வைத்தால், ‘கெயினைக் குறை’ என்று ஒருவர் சொன்னவுடன் மொத்தத்தையும் திரும்ப வாசிக்க வேண்டி வரும். டிஐ இருந்தால் ஒரு நாபைத் திருகினால் முடிந்தது.

எத்தனை பதிப்பு வரை போவது? டைமிங், டியூனிங், இரைச்சல் மூன்றும் ஒழிந்து, வருகிற கருத்துகள் எல்லாம் ஒன்றுக்கொன்று முரணான ரசனையாக மாறிவிட்டால் அந்த டிராக்கை மூடிவிடலாம். ஒருவர் டிலேயை (எதிரொலியை) கூட்டு என்கிறார், ஒருவர் குறை என்கிறார், அப்படியென்றால் இனி உங்கள் இஷ்டம். ஒரே டிராக்கை ஒரே ஆளிடம் இரண்டு தடவைக்கு மேல் அனுப்பாதீர்கள், அவர் காதும் பழகிப்போய்விடும். மூன்றாவது பதிப்புக்குப் புதுக் காது தேடுங்கள். அரூரில் ஒருவர் கிடைப்பார், தேன்கனிக்கோட்டையில் ஒருவர் கிடைப்பார்.

மூடிய பதிப்பைக் கருத்து சொன்ன எல்லோருக்கும் அனுப்பி, எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை, ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். அவர்களுடைய டிராக் வந்தால் ஒரு வாரத்துக்குள் பதில் போடுங்கள். டிஐ கோப்புகளை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து, கோப்புறைப் பெயரில் டியூனிங்கையும் பிபிஎம்மையும் எழுதி வைத்துவிட்டு அடுத்த ரிஃப்பைத் தொடங்குங்கள்.